பிவிட்ச்டு டிவிடி: அந்த 400 டாலர் கணக்கு யாருடையது?

கரிக்கோல்:
"பிவிட்ச்டு தொடரின் முதல் இரண்டு சீசன்களை வாங்குவதாக இருந்தால் வண்ணம் ஏற்றிய டிவிடியையே வாங்குங்கள், கறுப்பு வெள்ளைப் பெட்டி என்பது ஒரு எபிசோடுக்கு 400 டாலர் கூடச் செலவழிக்க மனமில்லாத கஞ்சர்கள் விட்டுச்சென்ற அரைகுறை வேலை" என்று வட்டுப்பெட்டி நேற்று எழுதியிருந்ததைப் படித்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய பரிந்துரைகளை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இங்கே பலர் இருப்பதால் இதை அப்படியே விட்டுவிட முடியாது.

தொடரைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமந்தா என்ற சூனியக்காரி, டேரின் ஸ்டீவன்ஸ் என்ற சாதாரண விளம்பர நிறுவன ஊழியரைக் காதலித்து மணக்கிறாள். தான் யார் என்பதை முதலிரவன்றுதான் அவனிடம் சொல்கிறாள். மந்திரத்தைத் தொடக்கூடாது என்று அவன் கேட்டுக்கொள்ள, அதற்கு ஒப்புக்கொண்டு புறநகர் வீடொன்றில் சமைத்துப் பெருக்கிக் குடித்தனம் நடத்த முயல்கிறாள். 1964 செப்டம்பர் 17 அன்று ஏபிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடர் 1972 வரை எட்டு சீசன்களில் 254 எபிசோடுகளாக ஓடியது. அவற்றில் முதல் 74 எபிசோடுகள் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை. 2005 ஜூனில், இதே பெயரில் நிக்கோல் கிட்மன் நடித்த திரைப்படம் வெளியான அதே மாதத்தில், சோனி நிறுவனம் முதல் சீசனைக் கறுப்பு வெள்ளையில் ஒரு பெட்டியாகவும் வண்ணம் ஏற்றி இன்னொரு பெட்டியாகவும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இனி 400 டாலருக்கு வருகிறேன். அந்தக் கதை பிவிட்ச்டு பற்றியதே அல்ல. அது 1965இல் என்பிசியில் தொடங்கிய ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி தொடரைப் பற்றியது. அதை உருவாக்கிய சிட்னி ஷெல்டன், ஆம், நம் ஊர் ரயில் நிலையக் கடைகளில் தடிமனான நாவல்களாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த அதே ஷெல்டன்தான், தன் தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். வண்ணத்தில் எடுப்பதற்கு எபிசோடு ஒன்றுக்குத் தேவைப்பட்ட கூடுதல் 400 டாலரைத் தன் கையிலிருந்தே தருவதாக அவர் சொன்னார். பணத்தை வீணாக்காதே என்று ஸ்க்ரீன் ஜெம்ஸ் நிர்வாகி ஒருவர் தடுத்துவிட்டார். இதைக் கொண்டுவந்து சமந்தாவின் தலையில் கட்டுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை.

வட்டுப்பெட்டி:
எதிர்பார்த்த இடத்திலிருந்து எதிர்பார்த்த கோபம் வந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஒலித்தடம் பற்றி நடந்த விவாதத்தில் தாங்கள் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை என்பது புரிகிறது.

ஐயா, ஜீனியைத் தயாரித்ததும் ஸ்க்ரீன் ஜெம்ஸ், பிவிட்ச்டைத் தயாரித்ததும் ஸ்க்ரீன் ஜெம்ஸ். இரண்டும் மந்திர தந்திரம் நிறைந்த நகைச்சுவைத் தொடர்கள், இரண்டும் ஓராண்டு இடைவெளியில் தொடங்கியவை, இரண்டும் கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்து 1966 இலையுதிர் காலத்தில் ஒன்றாகவே வண்ணத்துக்கு மாறியவை. ஒரே கல்லாப்பெட்டி, ஒரே கணக்குப்பிள்ளை. ஜீனிக்கு 400 டாலர் கொடுக்க மறுத்தவர்கள், அதற்கு முந்தைய ஆண்டு சமந்தாவுக்கு மட்டும் கலைநோக்கத்தோடு கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தாங்கள் நம்பினால், அந்த நம்பிக்கையைக் கலைக்க நான் யார்? பணமிருந்தால் வண்ணத்தில் எடுத்திருப்பார்கள். பணமில்லாமல் விட்டதை 2005இல் கணினி முடித்து வைத்தது. நான் சொன்னது அவ்வளவுதான்.

கரிக்கோல்:
நான் கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாது. பிவிட்ச்டு தொடருக்கு 400 டாலர் மறுக்கப்பட்டது என்று எங்கே இருக்கிறது? நூலா, பேட்டியா, ஆவணமா? "ஒரே கல்லாப்பெட்டி" என்பது ஊகம். ஊகத்தைத் தகவல் போல எழுதுவதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

நூலகவாசி:
இருவரும் பொறுத்தருள வேண்டும். விவாதம் மேலே போவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொண்டால் நல்லது. முழுமையான பதிப்பு என்று எதைச் சொல்கிறோம்? முதலில் ஒளிபரப்பானதையா, எடுத்தவர்கள் எடுக்க விரும்பியதையா, அல்லது இன்று பார்ப்பவர் விரும்புவதையா? மூன்றுக்கும் மூன்று விதமான விடைகள் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

ஊர்க்குருவி:
கரிக்கோல் அவர்களுக்கு ஒரு சிறிய நினைவூட்டல். 1965 அக்டோபரில் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன் தொடரில் சமந்தாவும் டேரினும் பக்கத்து வீட்டுக்குக் குடிவருவதாக ஒரு எபிசோடு வந்தது. சமந்தாவாக நடித்த எலிசபெத் மாண்ட்கமரியும் டேரினாக நடித்த டிக் யார்க்கும் நேரில் வந்து குரல் கொடுத்தார்கள். அதுவும் ஏபிசிதான், ஃப்ளின்ட்ஸ்டோன்ஸை ஏபிசி 1962 முதலே வண்ணத்தில் ஒளிபரப்பி வந்தது. அதாவது, அதே வாரத்தில், அதே சேனலில், கார்ட்டூன் சமந்தா வண்ணத்திலும் அசல் சமந்தா கறுப்பு வெள்ளையிலும் தோன்றினாள். இது கலைநோக்கமா, கஞ்சத்தனமா என்பதைக் கரிக்கோல்தான் சொல்ல வேண்டும். (பிவிட்ச்டின் தொடக்கத்தில் வரும் துடைப்பக்கட்டைக் கார்ட்டூனை வரைந்ததும் அதே ஹன்னா பார்பரா நிறுவனம்தான் என்பது கொசுறுத் தகவல்.)

கரிக்கோல்:
கார்ட்டூன் பற்றிய தகவல் சுவையானது. ஆனால் அதில் 400 டாலர் எங்கே வருகிறது? கலைநோக்கம் என்ற சொல்லை நான் எங்கும் பயன்படுத்தவில்லை. வட்டுப்பெட்டி அதை என் வாயில் திணித்தார், தாங்கள் அதை மென்றுகொண்டிருக்கிறீர்கள். பணமில்லாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எடுப்பது என்று முடிவான பிறகு, ஒளிப்பதிவாளர் கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கு ஏற்றபடிதான் விளக்குகளை வைத்தார். அரங்கச் சுவருக்கும் உடைக்கும் சாம்பல் நிறத்தின் எந்த அளவு பொருந்தும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். டேரினின் முன்னாள் காதலி ஷீலா, விருந்துக்குச் சாதாரண உடையில் வந்தால் போதும் என்று சொல்லி அழைக்கிறாள்; போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் விருந்துக் கோலத்தில் நிற்கிறார்கள், சமந்தா மட்டும் எளிய உடையில் கூசிப்போய் நிற்கிறாள். கறுப்பு வெள்ளையில் அந்தக் கூச்சம் முகத்தில் தெரிகிறது, ஏனென்றால் கண் போவதற்கு வேறு இடமில்லை. வண்ணம் ஏற்றிய வட்டில் திரைச்சீலை ஒரு பக்கம் இழுக்கிறது, மேஜைப் பூக்கள் இன்னொரு பக்கம் இழுக்கின்றன, நடுவில் எல்லா முகங்களும் ஒரே பீச் பழ நிறத்தில் பூசி வைத்தாற்போல இருக்கின்றன.

சாளரத்தோரம்:
நான் இரண்டு பெட்டிகளையும் வாங்கியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். வண்ணப் பெட்டிதான் எங்கள் வீட்டில் ஓடுகிறது. கறுப்பு வெள்ளை என்றதுமே என் மகள் எழுந்து போய்விடுவாள். வண்ணத்தில் உட்கார்ந்து பார்த்தாள், சிரித்தாள், அடுத்ததைப் போடச் சொன்னாள். பீச் நிறமோ என்னமோ, அறுபது ஆண்டுப் பழைய குடும்பத் தொடரை இன்றைய பிள்ளை ஒருத்தி பார்க்கிறாள் என்றால் அந்த வட்டு தன் வேலையைச் செய்துவிட்டது.

கரிக்கோல்:
அம்மணி, பிள்ளைகளை வைத்து அழகியலைத் தீர்மானிக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்போம்? பார்க்கிறவர்களுடைய ரசனையை வளர்ப்பது நம் கடமை. தொடரை ஆழ்ந்து பார்த்தவர்கள் பேச வேண்டிய விஷயம் இது.

சாளரத்தோரம்:
ஆழ்ந்து பார்த்தவள்தான் பேசுகிறேன். 1965 ஜனவரியில் வந்த எபிசோடு ஒன்று: டேரினுக்குக் கணுக்கால் சுளுக்கிப் படுக்கையில் கிடக்கிறான், அதைக் கொண்டா, இதைக் கொண்டா என்று சமந்தாவை மாடிக்கும் கீழுக்குமாக அலைய வைக்கிறான், சலித்துப்போன அவள், வீடே அவன் சொல் கேட்கும்படி மந்திரம் போட்டுவிடுகிறாள். அதுவரை மந்திரமே கூடாது என்று உபதேசம் செய்தவன், ருசி கண்டதும் வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றலாம் என்கிறான். அந்த நேரத்தில், அவன் முன்பே சொல்லி வைத்திருந்த கைக்கடிகாரம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு நொடியும் உன்னை நேசிக்கிறேன் என்று பொறித்த, விலை குறைந்த கடிகாரம். அதைப் பார்த்து அவள் அழுகிறாள். மந்திரத்தால் எதையும் வரவழைக்கத் தெரிந்தவளுக்கு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள்தான் வேண்டியிருக்கிறது. அதை இயக்கியவர் ஐடா லுபினோ. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த மிகச் சில பெண்களில் ஒருவர். நான் அதை இரண்டு பெட்டிகளிலும் பார்த்தேன், இரண்டிலும் அழுதேன். எனவே யாருக்கு ரசனை வளர வேண்டும் என்பதைத் தாங்கள் முடிவு செய்ய வேண்டாம். "அம்மணி" என்பதும் வேண்டாம்.

கரிக்கோல்:
லுபினோ இயக்கியது எனக்கும் தெரியும். அது கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது என்பதுதான் என் வாதம். வட்டுப்பெட்டி மௌனமாகிவிட்டதைக் கவனிக்கிறேன். 400 டாலருக்கு ஆதாரம் எங்கே?

வட்டுப்பெட்டி:
மௌனமாகவில்லை, சாப்பிடப் போயிருந்தேன்.

வண்ணம் ஏற்றுவதே பாவம் என்பது போலப் பேசுகிறீர்கள். மொகல்-ஏ-ஆசம் படத்துக்கு என்ன சொல்வீர்கள்? 1960இல் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையாக வந்த படத்தை 2004இல் முழு வண்ணத்தில் வெளியிட்டபோது நாடே கொண்டாடவில்லையா? 2010இல் தெலுங்கு மாயாபஜார் வண்ணத்தில் வந்தபோது, அரை நூற்றாண்டுக்கு முன் வந்த படத்துக்கு மக்கள் மறுபடியும் தியேட்டருக்குப் போகவில்லையா?

கரிக்கோல்:
மொகல்-ஏ-ஆசமைத் தாங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அதன் இயக்குநர் கே. ஆசிப், ஷீஷ் மஹால் பாட்டையும் கடைசிப் பகுதியையும் வண்ணத்திலேயே எடுத்தவர். முழுப் படத்தையும் வண்ணத்தில் எடுக்க ஆசைப்பட்டவர். அங்கே இயக்குநரின் விருப்பத்துக்குச் சான்று படத்துக்குள்ளேயே இருக்கிறது. பிவிட்ச்டில் அப்படி ஒரு சான்று எங்கே? எலிசபெத் மாண்ட்கமரி 1995லேயே இறந்துவிட்டார், டிக் யார்க் 1992இல். அவர்களுடைய கன்னத்துக்கு என்ன நிறம் பூசலாம் என்று 2005இல் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கு வரலாறும் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னர், தன் கைக்கு வந்த பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றத் தொடங்கியபோது இயக்குநர்கள் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய் முறையிட்டார்கள். இயக்குநர் ஜான் ஹூஸ்டன் படம் ஒன்றின் வண்ணப் பதிப்பை எதிர்த்து அவர் வாரிசுகள் தொடுத்த வழக்கில், 1991இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் வாரிசுகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆக, எதிர்ப்பது நான் ஒருவன் மட்டுமல்ல.

ஊர்க்குருவி:
அந்த வழக்குகள் திரைப்படங்களைப் பற்றியவை. இங்கே பேசுவது, வாரம் ஒன்று என்று அடித்துத் தள்ளிய தொலைக்காட்சித் தொடர். முதல் சீசனில் 36, இரண்டாவதில் 38. மேலும், டர்னர் காலத்தில் கறுப்பு வெள்ளை மூலத்தை ஒளிபரப்பிலிருந்து ஓரம்கட்டிவிடுவார்களோ என்பதுதான் அச்சம். சோனி இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து விற்றது. விருப்பமுள்ளவர் விருப்பமானதை எடுத்துக்கொள்ளட்டும். தம்பி கரிக்கோல் ஏன் அடுத்தவர் கூடைக்குள் கையை விடுகிறார்?

கரிக்கோல்:
என்னைத் தம்பி என்று அழைக்கும் உரிமையை உமக்கு யார் தந்தது? உமக்கு வயது என்ன, எனக்கு வயது என்ன என்று தெரியுமா? நான் சேர்ந்த நாளில் இந்தத் தளத்தில் ஊர்க்குருவியின் இறகு கூட இல்லை.

ஊர்க்குருவி:
அன்போடு சொன்னேன். சரி, அண்ணா. ஃப்ளின்ட்ஸ்டோன்ஸுக்கு இன்னும் பதில் வரவில்லை, அண்ணா.

இரவுப்பேருந்து:
வண்ணமோ கறுப்பு வெள்ளையோ, டிக் யார்க் இருக்கும் ஐந்து சீசன்களை மட்டும் வாங்குங்கள் என்பதே என் ஒரே அறிவுரை. 1959இல் ஒரு படப்பிடிப்பில் முதுகில் பட்ட அடியோடு அந்த மனிதர் அத்தனை ஆண்டு நடித்தார். ஐந்தாவது சீசனின்போது படப்பிடிப்புத் தளத்திலேயே மயங்கி விழுந்து, அதோடு விலகினார். 1969இல் டிக் சார்ஜெண்ட் வந்தார். கணவனின் முகமே மாறிவிட்டது, தொடருக்குள் ஒருவர் கூட அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. யார்க்கின் கண்கள் பிதுங்குவதைப் பார்த்தவர்களுக்குச் சார்ஜெண்ட் வெறும் வாடகைக் கணவர்.

சாளரத்தோரம்:
சார்ஜெண்ட்டை அப்படிச் சொல்வது அநியாயம். முதலில் அந்த வேடத்துக்கு நினைக்கப்பட்டவரே அவர்தான். அப்போது வேறு ஒப்பந்தத்தில் இருந்ததால் வர முடியவில்லை. கிளாடிஸ் கிராவிட்ஸ் விஷயத்தில் வேண்டுமானால் நான் உங்கள் பக்கம். எதிர்வீட்டு ஜன்னலில் நின்று எட்டிப் பார்க்கும் அந்த வேடத்தில் ஆலிஸ் பியர்ஸ் செய்ததை சாண்ட்ரா கூல்டால் செய்ய முடியவில்லை. பியர்ஸ் புற்றுநோயோடு நடித்து 1966 மார்ச்சில் இறந்தார். அவருக்கு எம்மி விருது கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

கரிக்கோல்:
ஆலிஸ் பியர்ஸ் நடித்த அத்தனை எபிசோடுகளும் கறுப்பு வெள்ளை என்பதைக் கவனித்தீர்களா? அவர் ஒருநாளும் இந்தத் தொடரில் வண்ணத்தில் தோன்றியதில்லை. வண்ணப் பெட்டியில் தெரிகிறவர் யார் என்று வட்டுப்பெட்டியைக் கேளுங்கள். ஒரு எபிசோடுக்கு 400 டாலர் என்று சொல்வார்.

இன்னொன்றும் சொல்கிறேன். புதுமணத் தம்பதியின் கதையாக இந்தத் தொடர் இருந்தது முதல் இரண்டு சீசன்களில்தான். 1966 ஜனவரி 13 அன்று வந்த 54ஆவது எபிசோடில் மகள் தபிதா பிறந்துவிடுகிறாள். அதற்கு முந்தைய 53 எபிசோடுகளில்தான் அந்த இளம் குடித்தனம் இருக்கிறது: தேனிலவு அறைக்குள் நுழையப் போகும் மாப்பிள்ளையை மாமியார் எண்டோரா மறுபடி மறுபடி ஹோட்டல் வரவேற்பறைக்குத் தூக்கி எறிவது, வீடு வாங்குவது, சமையல் பழகுவது, கணவனின் முதலாளி லாரி டேட் திடீரென்று விருந்துக்கு வந்து நிற்பது. 1964-65இல் பொனான்சாவுக்கு அடுத்தபடியாக அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர் இதுதான், அதுவும் கறுப்பு வெள்ளையில். எந்தப் பகுதியால் இந்தத் தொடர் பெயர் பெற்றதோ, சரியாக அந்தப் பகுதியின் மேல்தான் வண்ணத்தைக் கொட்டியிருக்கிறார்கள்.

நூலகவாசி:
புதுமண வாழ்க்கை குழந்தை பிறந்ததும் முடிந்துவிடுகிறது என்பது எந்த வரையறைப்படி? என் முந்தைய கேள்விக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வட்டுப்பெட்டி:
பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேசுவது? 1964இல் அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே இருந்தன. வேறு வழியில்லாமல் பார்த்தார்கள். 1966இல் ஏபிசி தன் முன்னிரவு நிகழ்ச்சிகள் முழுவதையும் வண்ணத்துக்கு மாற்றியபோது, "ஐயோ, எங்கள் சாம்பல் நிறம் போயிற்றே" என்று தொடரின் இயக்குநர் வில்லியம் ஆஷரோ மாண்ட்கமரியோ அழுததாக ஏதாவது பேட்டி இருக்கிறதா? தாங்கள் ஆதாரம் கேட்பவராயிற்றே, ஆதாரம் தாருங்கள்.

கரிக்கோல்:
முதலில் கேட்டவன் நான். முதலில் பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள். 400 டாலர், பிவிட்ச்டு, எந்தப் பக்கம், எந்த வரி?

இரவுப்பேருந்து:
நடுவில் ஒரு நடைமுறைக் கேள்வி. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் பெட்டி என் பிளேயரில் ஓட மறுக்கிறது. "தவறான மண்டலம்" என்று திரையில் வருகிறது. விற்ற கடைக்காரர், பிளேயரில் கோளாறில்லை என்று கைகழுவிவிட்டார்.

வட்டுப்பெட்டி:
கடைக்காரர் சொன்னது சரிதான். அமெரிக்க வட்டுகள் மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. எல்லா மண்டலங்களையும் படிக்கும் பிளேயராகப் பார்த்து வாங்க வேண்டும். சில பிளேயர்களில் ரிமோட் வழியாகவே மண்டலப் பூட்டைத் திறக்கலாம், மாடல் எண்ணைத் தாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓட மறுப்பதில் அந்த பிளேயரின் ரசனையும் தெரிகிறது.

கரிக்கோல்:
நகைச்சுவை என்று நினைத்து எழுதுகிறார். பிளேயரைப் பற்றி விவரமாகச் சொல்லத் தெரிகிறது, 400 டாலரைப் பற்றி ஒரு வரி சொல்ல முடியவில்லை. இதுவரை இந்த இழையைப் படித்தவர்கள் யார் எங்கே நழுவுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

சாளரத்தோரம்:
நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பேசுவதை. ஷெல்டன் சொன்ன 400 டாலர் ஜீனிக்கு உரியது என்பதைத் தாங்கள் முதல் பதிவிலேயே நிறுவிவிட்டீர்கள். ஆனால் அதிலிருந்து கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் உயர்ந்தது என்ற முடிவு எப்படி வந்தது என்பதை மட்டும் கடைசி வரை விளக்கவில்லை.

கரிக்கோல்:
நிறுவிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. வட்டுப்பெட்டி அதை ஒப்புக்கொள்ளட்டும், மற்றதைப் பிறகு பேசலாம்.

வட்டுப்பெட்டி:
நான் எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை. என் பரிந்துரை அப்படியே நிற்கிறது. ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை. நாளை ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி முதல் சீசன் டிவிடியைப் பற்றி எழுதுகிறேன். 2006இல் அதற்கும் சோனி வண்ணம் ஏற்றியது. அதிலும் வண்ணப் பெட்டிதான் என் தேர்வு. அங்கே 400 டாலர் ஷெல்டனே எழுதிய கணக்கு, யாரும் வாய் திறக்க முடியாது.

கரிக்கோல்:
திறப்பேன். எழுதுங்கள், வருகிறேன்.

ஊர்க்குருவி:
வாருங்கள் அண்ணா. வரும்போது ஃப்ளின்ட்ஸ்டோன்ஸையும் பார்த்துவிட்டு வாருங்கள்.